மீனின் செவிக்கல்லும் வயதுக் கணக்கும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லலாம். மரத்தின் வயதை அடிமரத்தை அறுத்துப் பார்த்துச் சொல்லலாம். வலையில் வந்து விழும் மீனுக்கு வயது என்னவென்று கேட்டால், கடலிலேயே பிறந்து வளர்ந்த செம்படவரும் சற்றுத் தயங்குவர். பெரிய மீன் மூத்தது, சிறிய மீன் இளையது என்பது பொதுவாகச் சொல்லும் விடை. அவ்விடை பாதிதான் சரி. தீனியும் இடமும் தாராளமாயுள்ள ஏரியில் ஒரு வருஷத்தில் ஒரு முழம் வளரும் கெண்டை, நெருக்கமான குட்டையில் மூன்று வருஷமாகியும் சாண் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே உருவத்தைக்கொண்டு வயதைத் துணிந்து கூற முடியாது. ஆனால் ஒவ்வொரு மீனும் தன் பிறப்புக் கணக்கைத் தன் தலைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகம் எது, அதை வாசிப்பது எவ்வாறு, அதனால் மீன்பிடித் தொழிலுக்கும் சங்கங்களுக்கும் என்ன பயன் என்பவை இங்கே எடுத்துரைக்கப்படும்.

செவிக்கல் என்பது யாது?

கத்தாளை மீனைச் சமைத்து உண்டவர்கள் அதன் தலையில் வெண்மையான கெட்டிக்கல் இரண்டு இருப்பதைக் கண்டிருப்பார்கள். மீனுக்கு வெளிச்செவி கிடையாது, உட்செவி உண்டு. மூளைக்கு இருபுறமும் கபாலத்தின் அடியில், நீர் நிரம்பிய சிறு பைகளுக்குள் இக்கற்கள் அமைந்துள்ளன. பக்கத்துக்கு மூன்றாக மொத்தம் ஆறு. பெரும்பாலான மீன்களில் அவற்றுள் ஒரு ஜோடியே கண்ணுக்கு எளிதில் தெரியும் அளவுக்குப் பெரிது. மயிர் போன்ற நுண்ணிய உணர்ச்சி நரம்புகளின்மேல் இக்கல் அமர்ந்திருக்கிறது. மீன் சாயும்போதும் திரும்பும்போதும் கல் சற்றே இடம்பெயர்ந்து நரம்பை அழுத்தும். அதனால் மீன் தன் உடலின் நிலையை அறிகிறது. தண்ணீரில் பரவும் சப்தத்தையும் உணர்கிறது. இதை எலும்பு என்று சொல்வது வழக்கமாயினும், உண்மையில் இது எலும்பன்று. சுண்ணாம்புச் சத்தும் சிறிதளவு மாமிசச் சத்தும் சேர்ந்து படிந்த கல் இது. சுறா, திருக்கை முதலிய குருத்தெலும்பு மீன்களுக்கு இத்தகைய கெட்டிக்கல் இல்லை. அவற்றின் வயதை முதுகெலும்பிலுள்ள வளையங்களைக்கொண்டு கணிப்பர்.

செவிக்கல்லின் விசேஷ குணம் ஒன்றுண்டு. மீன் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்புக் கரையும். செதிலின் ஓரம்கூட அரிபடும். செவிக்கல்லோ ஒரு தடவை படிந்தபின் சாதாரணமாகக் கரைவதில்லை. முட்டைக்குள் கரு வளரும் காலத்திலேயே தொடங்கி, மீன் சாகும் வரையில் மேலுக்குமேல் படலம் படிந்துகொண்டே போகும். எழுதியதை அழிக்காமல் நாள்தோறும் பற்றெழுதும் பேரேட்டைப் போன்றது அது.

வளையங்கள் உண்டாகும் விதம்

குளிர்ந்த தேசங்களில் கோடையில் மீனுக்கு இரை மிகுதி, வளர்ச்சியும் வேகம். அக்காலத்தில் படியும் படலம் அகலமாயும் ஒளி புகாததாயும் இருக்கும். குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது படிவது குறுகலாயும் கண்ணாடி போல் தெளிவாயும் இருக்கும். கறுப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் கல்லை வைத்து, மேலிருந்து வெளிச்சம் விழச் செய்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெள்ளை வளையமும் கருமை வளையமும் மாறிமாறித் தெரியும். ஒரு வெள்ளையும் ஒரு கருமையும் சேர்ந்து ஒரு வருஷம்.

இவ்விஷயம் சிறிது சிறிதாகவே வெளிப்பட்டது. 1759-ல் ஸ்வீடன் தேசத்துப் பாதிரியார் ஹெடர்ஸ்ட்ராம் என்பவர் முதுகெலும்பின் வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கூறினார். 1892-ல் டென்மார்க் தேசத்துப் பீட்டர்ஸன், பிடிபட்ட மீன்களை நீளவாரியாக வகைப்படுத்தி, எந்த நீளத்தில் கூட்டம் மிகுந்திருக்கிறதோ அது ஒரு வயதுக் கூட்டம் என்று பிரித்தறியும் வழியைக் காட்டினார். 1898-ல் ஜெர்மனியில் ஹோஃப்பாவர் கெண்டை மீனின் செதிலில் வருஷ வளையங்களைக் கண்டார். அடுத்த ஆண்டு, 1899-ல், அத்தேசத்து ரைபிஷ் என்பவர் பிளேஸ் என்னும் தட்டை மீனின் செவிக்கல்லை ஆராய்ந்து, அதிலும் வருஷ வளையங்கள் உண்டென்று வெளியிட்டார். அன்று முதல் செவிக்கல் மீன்வளச் சாஸ்திரத்தின் முக்கிய சாதனங்களுள் ஒன்றாகிவிட்டது.

உஷ்ண தேசங்களில் ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலம் என்று தனியே சொல்லும்படியான காலம் இங்கே இல்லாமையால், வருஷ வளையம் எல்லா மீன்களிலும் தெளிவாக விழுவதில்லை. பருவமழை, இரை குறைவு, முட்டையிடுதல் ஆகிய காரணங்களாலும் வளையங்கள் விழலாம். சில மீன்களுக்கு வருஷத்தில் இரண்டு வளையங்கள்கூட விழலாம். இச்சங்கடத்துக்கு 1971-ல் ஒரு வழி பிறந்தது. அவ்வாண்டு பன்னெல்லா என்னும் அறிஞர், வருஷ வளையங்களுக்கு இடையே மிக நுண்ணிய வளையங்கள் நெருங்கியிருப்பதையும், அவை நாளொன்றுக்கு ஒன்றாகப் படிகின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து, சக்தி வாய்ந்த மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினால், ஒரு வயது நிரம்பாத மீனுக்கு வயதை நாட்கணக்கில் சொல்லலாம். பிடித்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பிறந்த நாளும் ஏறக்குறையத் தெரியவரும். குறுகிய ஆயுளுடைய உஷ்ண தேசத்து மீன்களுக்கு இது பெரிய உதவி.

கல்லை எடுத்து வாசிக்கும் முறை

முதலில் மீனின் நீளத்தையும் எடையையும், ஆணா பெண்ணா என்பதையும், பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இக்குறிப்புகள் இல்லாத கல், தேதியும் பெயரும் இல்லாத ரசீதைப் போன்றது, அதனால் பயனில்லை. பிறகு கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மண்டையைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டித் திறந்தால், மூளைக்கு அடியில் இருபுறமும் கற்கள் காணப்படும். அவற்றைச் சிறு இடுக்கியால் எடுத்து, கழுவி, உலர்த்தி, காகித உறையில் இட்டு, உறையின்மேல் விவரங்களை எழுதி வைப்பர். கெண்டை இனத்தில் இக்கற்கள் சிறியவையாதலால், அவற்றுக்குச் செதிலை உபயோகிப்பதும் உண்டு.

மெல்லிய கற்களை அப்படியே பார்த்து எண்ணலாம். மூத்த மீனின் கல் தடித்திருக்கும். அது அகலத்தில் பெருகாமல் கனத்திலேயே பெருகும். அத்தகைய கல்லை மேற்பரப்பில் மட்டும் பார்த்தால் கடைசி வளையங்கள் கண்ணுக்கு அகப்படா. ஆகையால் கல்லை நடுவில் ஒடித்து, ஒடித்த முகத்தைத் தீயில் லேசாக வாட்டுவர். மாமிசச் சத்துள்ள கோடுகள் கருகிக் கருமையாகி வளையங்கள் துலக்கமாகும். அல்லது பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் தகடாக அறுத்துப் பார்ப்பர்.

ஒரே கல்லை இருவர் தனித்தனியே எண்ணவேண்டும். ஒருவர் எண்ணிக்கை மற்றவருக்குத் தெரியலாகாது. இருவர் எண்ணிக்கையும் ஒத்தால் ஏற்கவேண்டும். ஒவ்வாவிடில் மறுபடி எண்ணவேண்டும். சங்கக் காரியதரிசி எழுதிய கணக்கை வேறொருவர் தணிக்கை செய்வது எதற்கோ, இதுவும் அதற்கே.

இருவரும் ஒத்து எண்ணினாலும், ஒரு வளையம் மெய்யாகவே ஒரு வருஷத்துக்குரியதா என்பதை வேறு வழியால் நிச்சயம் செய்யவேண்டும். மீனைப் பிடித்து, செவிக்கல்லில் அடையாளம் பதியும்படி ஒரு மருந்தைச் செலுத்தி, எண்ணுள்ள சீட்டைக் கட்டி மீண்டும் தண்ணீரில் விடுவர். ஒரு வருஷம் கழித்து அது பிடிபட்டால், அடையாளத்துக்கு வெளியே எத்தனை வளையம் விழுந்திருக்கிறதென்று பார்ப்பர். பிறந்த தேதி தெரிந்த மீனின் கல்லைப் பார்ப்பது இன்னும் எளிய வழி. 1983-ல் பீமிஷ், மக்ஃபார்லேன் என்னும் இரு அறிஞர்கள் அதுவரை வெளிவந்த வயதாராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்நிச்சயத்தை எல்லா வயதுகளுக்கும் முறைப்படி செய்தவை மிகச் சிலவே என்று கண்டனர். அதை மறந்ததனால் விளைந்த நஷ்டத்துக்கு ஓர் உதாரணம் போதும.

முதலை வட்டி என்று எண்ணிச் செலவிட்ட கதை

நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களை அடுத்த ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்னும் செந்நிற மீன் உண்டு. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் வாழும் இம்மீன், முட்டையிடும் காலத்தில் கடலடி மலைகளைச் சுற்றிப் பெருங்கூட்டமாகத் திரளும். 1970-களின் இறுதியில் நியூஜிலாந்து அருகே இதைப் பிடிக்கும் தொழில் பெரிய அளவில் தொடங்கிற்று. ஒரு தடவை இழுவலை இறக்கினால் டன் கணக்கில் கிடைத்தது. வெளிநாடுகளில் நல்ல விலையும் கிடைத்தது.

மீனின் நீளம் பெரும்பாலும் ஓரடி அல்லது சற்று அதிகம். செவிக்கல்லின் மேற்பரப்பை மட்டும் பார்த்தவர்கள், இது சில வருஷங்களில் பருவமடைந்து இருபது முப்பது ஆண்டு வாழும் மீன் என்று மதிப்பிட்டனர். வருஷந்தோறும் இவ்வளவு பிடிக்கலாம் என்ற அளவும் அந்த எண்ணத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. பின்னர்க் கல்லைத் தகடாக அறுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு மேற்பட்ட வளையங்கள் தென்பட்டன. அதை நம்பாதவர் பலர்.

1991-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வேறொரு வழியால் அதைப் பரிசோதித்தனர். செவிக்கல்லில் சேரும் ரேடியம் என்னும் உலோகம், காலப்போக்கில் ஒரு வகை ஈயமாக மாறிக்கொண்டேயிருக்கும். மாறும் வேகம் நிச்சயமானது, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே ரேடியத்தையும் ஈயத்தையும் ஒப்பிட்டு அளந்தால், கல் எவ்வளவு பழமையானதென்று கூறலாம். வட்டி விகிதமும் சேர்ந்துள்ள வட்டியும் தெரிந்தால், கடன் கொடுத்த காலத்தைக் கணக்கிடுவதைப் போன்றது இது. அக்கணக்கும் வளையக் கணக்கையே ஆதரித்தது. ஆரஞ்சு ரஃபி நூறு வயதைத் தாண்டி வாழும் மீன். பருவமடைவதற்கே முப்பது ஆண்டு அளவில் செல்லும் என்பது ஸ்திரப்பட்டது.

இதன் பொருள் யாது? அதுவரை வருஷ விளைச்சல் என்று எண்ணி அள்ளியது, பல தலைமுறையாகச் சேர்ந்திருந்த மூலதனம். பாட்டனார் காலத்து மீன்கள் சில ஆண்டுகளில் கரையேறிவிட்டன. அவற்றின் இடத்தை நிரப்பப் பேரன் காலம் வரையில் காத்திருக்கவேண்டும். பல இடங்களில் மீன் கூட்டம் க்ஷீணித்தது. நியூஜிலாந்தின் சாலஞ்சர் பகுதியில் 2000-ல் இம்மீன்பிடி அடியோடு நிறுத்தப்பட்டது. பத்து வருஷம் கழித்தே மீண்டும் சிறிய அளவில் அனுமதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2006-ல் இம்மீனைப் பாதுகாப்புக்குரிய இனங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. சங்கத்தின் பங்குத் தொகையை எடுத்து லாபப் பங்கீடு என்று வழங்கினால், முதல் இரண்டு ஆண்டு அங்கத்தினர்கள் மகிழ்வார்கள். மூன்றாம் ஆண்டு சங்கம் இராது. கடலிலும் அதுவே நடந்தது. அங்கே பிழை நாணயத்தில் அன்று; வயதுக் கணக்கில்.

வயது தெரிவதனால் பயன்

வயது தெரிந்தால் மூன்று விஷயங்கள் தெரியவரும்: மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு பங்கு சாகிறது, எந்த ஆண்டில் குஞ்சு மிகுதியாகப் பிழைத்தது என்பவை.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. ஓர் ஏரியில் ஒரு வயதுள்ள மீன் ஆயிரம் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 100 கிராம் எடை என்றும் கொள்க. அன்றே பிடித்தால் கிடைப்பது 100 கிலோ. ஒரு வருஷம் விட்டுவைத்தால், நோயாலும் பறவைகளாலும் நூற்றுக்கு நாற்பது சாகிறதென்று வைத்துக்கொண்டாலும், 600 மீன் மிஞ்சும். ஒவ்வொன்றும் 300 கிராம் ஆகியிருந்தால் மொத்தம் 180 கிலோ. இன்னும் ஒரு வருஷம் விட்டால் மிஞ்சுவது 360 மீன். தலைக்கு 450 கிராம் வீதம் 162 கிலோ. ஆகவே இவ்வேரியில் இரண்டாம் வயதில் பிடிப்பதே லாபம். முந்திப் பிடித்தாலும் நஷ்டம். மிகவும் பிந்தினாலும் நஷ்டம். இக்கணக்கைப் போடுவதற்கு வயதும் எடையும் சாவும் தெரிந்திருக்கவேண்டும். இதோடு, மீன் ஒரு தடவையாவது முட்டையிட்டபின் பிடிபடுமாறு வலைக்கண்ணின் அளவை அமைத்தல் நலம்.

எந்த ஆண்டுக் குஞ்சு மிகுதி என்பதற்கு நார்வே தேசத்து ஹெர்ரிங் மீன் சிறந்த உதாரணம். ஒரு காலம் மீன் மிகுதியாக வருவதும், மற்றொரு காலம் வராமற் போவதும் கண்ட ஜனங்கள், மீன் வேறு கடலுக்குப் போய்விட்டதென்று எண்ணினர். யோஹான் யோர்ட் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஆண்டுதோறும் செதில்களை எண்ணி, 1904-ல் பிறந்த கூட்டம் ஒன்றே பல ஆண்டுகள் பிடிப்பில் பெரும்பகுதியாக விளங்கியதைக் கண்டனர்; 1914-ல் யோர்ட் அதை விரிவாக வெளியிட்டார். பல ஆண்டுகளில் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் இளமையிலேயே மடிகின்றன. ஏதோ ஓர் ஆண்டில் ஏராளமாகப் பிழைக்கின்றன. அந்த நல்ல ஆண்டின் விளைவைக்கொண்டே பின்வரும் ஆண்டுகள் நடக்கின்றன. வயதுக் கணக்கு வைத்திருப்பவர், குதிரில் இருக்கும் நெல் இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை முன்னதாகவே அறிவார்.

இத்தேசத்து நிலைமை

சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கும் மீன்வளத்துக்கும் ஒருவரே ஆதிகாரணர் என்பது அங்கத்தினர் பலர் அறியாத செய்தி. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியின் ரைஃபைஸன் முறையைத் தழுவிய கிராம நாணய சங்கங்களைச் சிபார்சு செய்தார். 1904-ல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவரே 1905 முதல் மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பை ஏற்றார். 1907-ல் மாகாண மீன்வள இலாகா ஏற்பட்டது. அவ்விலாகாவில் அவருக்குப்பின் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்னும் சக ஊழியரோடு சேர்ந்து, மேற்குக் கடற்கரை நெய்ச்சாளையின் வாழ்க்கை வரலாற்றை 1920-களில் எழுதி வெளியிட்டார். 1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபின் இவ்வாராய்ச்சிகள் தொடர்ந்து விரிந்தன.

நெய்ச்சாளை ஆரஞ்சு ரஃபிக்கு நேர்மாறானது. ஒரு வயது அளவில் பருவமடையும். சில ஆண்டுகளே வாழும். ஆகவே ஓரிரண்டு ஆண்டுக் குஞ்சுகள் பிழைக்காவிட்டாலும் பிடிப்பு சட்டெனச் சரியும். கேரளக் கரையில் 2012-ல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் அளவில் கிடைத்த நெய்ச்சாளை, 2021-ல் நாலாயிரம் டன்னுக்கும் குறைந்தது. கடலின் சீதோஷ்ண மாறுதலும் குஞ்சுகளை வாரியதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுவன. பருவமடையாத மீனைக் காப்பதற்காக, இனத்துக்கு இனம் பிடிக்கத்தக்க குறைந்த அளவுகளைக் கேரளம் 2015 முதல் விதித்து வருகிறது. இன்ன நீளத்தில் மீன் பருவமடைகிறது, அதற்கு இவ்வளவு காலம் ஆகிறது என்னும் ஆராய்ச்சியே இத்தகைய விதிக்கு ஆதாரம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஏரி, குளங்களைக் குத்தகைக்கு எடுக்கும் சங்கங்கள், குஞ்சு விட்ட தேதி, இனம், எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப்புத்தகத்தில் பதிவு செய்தல் வேண்டும். மாதம் ஒரு தடவை சில மீன்களைப் பிடித்து, நீளமும் எடையும் குறித்துவிட்டு மீண்டும் தண்ணீரில் விடவேண்டும். தேதி தெரிந்து விட்ட மீனுக்குச் செவிக்கல்லைப் பார்க்கவேண்டிய அவசியமேயில்லை. அதன் வயது புத்தகத்திலேயே இருக்கிறது. அன்றியும், அத்தகைய மீனின் கல்லும் செதிலும் ஆராய்ச்சியாளருக்கு அரிய பொருள்கள். வளையத்தின் உண்மையைச் சோதிக்க அவற்றினும் நல்ல சாட்சி இல்லை.

கடற்கரைச் சங்கங்கள், ஆராய்ச்சி நிலையத்தார் மாதிரி மீன் கேட்டு வரும்போது, பிடித்த இடத்தையும் தேதியையும் வலையின் கண் அளவையும் ஒளிக்காமல் கூறவேண்டும். பிடித்ததைக் குறைத்துச் சொன்னால் வரி மிஞ்சும் என்றோ, கூட்டிச் சொன்னால் பெருமை என்றோ கருதிப் பொய்க்கணக்குக் கொடுப்பது, தங்கள் பிள்ளைகளின் பேரில் கடன் பத்திரம் எழுதுவதற்கு ஒப்பாகும். சிறுகண் வலையை ஒருவர் மட்டும் விட்டால் பயனில்லை. அவர் விட்ட மீனை அயலார் பிடிப்பர். ஊரார் அனைவரும் கூடி ஒரு விதியை ஏற்று நடப்பதே வழி. கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவே.

பயிரிடுவோன் விதைநெல்லைத் தனியே கட்டி வைக்கிறான்; எவ்வளவு பசித்தாலும் அதில் கை வைப்பதில்லை. எது விதை, எது விளைச்சல் என்பது அவனுக்குக் கண்ணெதிரே தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் மீனில் அது தெரிவதில்லை. அதைத் தெரியச் செய்வது நகத்தளவேயுள்ள இச்சிறு கல். அதைக் குப்பையில் எறியாமல் கணக்கில் சேர்க்கும் ஊருக்கு மீனும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.